ஆறு நாற்பது ரயிலும் தீவகத்தின் உண்மைக் கணக்கும்

கடலைக் காவலாகவும் காற்றைக் கூட்டாளியாகவும் கொண்ட எங்கள் தீவகத்தின் இந்த வெற்றிக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கிவிட்டு, நான் அரை மணித்தியாலம் எடுப்பேன் என்று நன்றாகத் தெரிந்தும் முகம் சுளிக்காமல் வீற்றிருக்கும் மதிப்பார்ந்த தலைவர் அம்பலவாணர் ஐயா அவர்களே, கடைசி லோஞ்சுப் படகுக்கு முன்னம் திரும்பவேண்டுமே என்ற கவலையையும் மடியில் கட்டிக்கொண்டு நயினாதீவிலிருந்து அலை கடந்து வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பையும் உலையையும் அயல்வீட்டுக்குப் பொறுப்புக் கொடுத்துவிட்டு முன்வரிசையை முந்திப் பிடித்துக்கொண்ட என் தாய்மார்களே, சகோதரிகளே, சேவல் கூவுவதற்கு முன்னம் எழுந்து எங்களைச் சுமந்து செல்லும் முதல் பஸ்ஸின் சாரதி அன்ரனிதாஸ் அவர்களே, ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இருந்துகொண்டு கைத்தொலைபேசிக்குள்ளால் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் உறவுகளே, இந்த இறுப்பிட்டி மண்ணின் இனியவர்களே, உங்கள் அனைவருக்கும் தீவகப் பயணிகள் சங்கத்தின் செயலாளர் தில்லைநாதனின் தலை தாழ்ந்த வணக்கம்.

வெற்றிக் கூட்டம் என்றேன். என்ன வெற்றி? எவர் பெற்ற வெற்றி? எவரை வென்ற வெற்றி? சொல்கிறேன், கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து காலை ஆறு நாற்பதுக்குப் புறப்படுகிற புகையிரதம், இனிமேலும் காலை ஆறு நாற்பதுக்கே புறப்படும். அதுதான் எங்கள் வெற்றி.

முன்னுக்கு ஒரு அம்மா சிரிக்கிறா. "இதுக்கோ இவ்வளவு சோடனை" எண்டு பக்கத்திலை இருக்கிறவவுக்குச் சொல்லுறா. ஓம் அம்மா, இதுக்குத்தான். வாழைமரம் கட்டினதும் இதுக்குத்தான், இந்த மைக் பிடிச்சதும் இதுக்குத்தான்.

ஏனென்று கேட்டால், எங்கள் காலை ஒரு சங்கிலி. நயினாதீவில் ஐந்து மணிக்கு லோஞ்ச் புறப்படும். குறிகட்டுவான் துறையில் ஐந்து இருபதுக்கு முதல் பஸ் காத்திருக்கும். அந்த பஸ் இந்த இறுப்பிட்டியைத் தொட்டு, கடலுக்கு நடுவே போட்ட தாம்போதித் தெருவைத் தாண்டி, வேலணையில் ஆள் ஏற்றி, பண்ணைப் பாலத்தைக் கடந்து, ஆறு இருபதுக்கு ரயில் நிலைய வாசலில் நிற்கும். ஆறு நாற்பதுக்கு ரயில். கடலும் கரையும், காற்றும் கதவும், கால்நடையும் காத்திருப்புமாய்க் கோத்த சங்கிலி இது. ஒரு கண்ணி கழன்றால் முழுச் சங்கிலியும் கடலுக்குள்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் அந்தக் கண்ணி கழலப் பார்த்தது. புதிய நேர அட்டவணைக்கான முன்மொழிவு வந்தது. காலை ரயில் இனி ஐந்து ஐம்பதுக்குப் புறப்படும் என்றது. ஐம்பது நிமிடம் முன்னதாக. தெற்கே போகிறவர்கள் நேரத்தோடு போய்ச் சேரலாம் என்று காரணம் எழுதியிருந்தது. பட்டணத்தில் இருக்கிறவருக்கு அது ஐம்பது நிமிட நித்திரை. எங்களுக்கோ அது ரயிலே இல்லை என்ற செய்தி. லோஞ்சை முந்தி விட ஏலுமா? ஐந்துக்கு முந்திய இருளில் கடலில் இறங்க அனுமதி இல்லை. லோஞ்ச் வராமல் பஸ் புறப்படுமா? புறப்படாது.

இந்த இடத்தில் ஒரு தாயைப் பற்றிச் சொல்லவேண்டும். அவவிடம் நேற்றே கேட்டு, ஓம் என்று ஒப்புதல் வாங்கிய பிறகுதான் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையின் நாலாம் வீட்டுச் சத்தியபாமா. மகள் நிலாந்திக்குப் பதினாலு வயது. இரத்தத்தில் ஒரு வருத்தம். மூன்று கிழமைக்கு ஒருமுறை அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் ஏற்றிக் கொண்டுவரவேண்டும். வீட்டில் மாமியார் படுக்கையில். பகலில் அயலவர் பார்ப்பார்கள். இரவில் புரட்டிப் படுக்க வைக்க இந்த மருமகளைத் தவிர ஆள் இல்லை. ஆகவே சத்தியபாமா காலையில் போய் மாலையில் திரும்பவேண்டும். அதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு வழி இருக்கிறது. அந்த வழியின் பெயர் ஆறு நாற்பது.

அந்த முன்மொழிவைப் படித்த அன்று சத்தியபாமா என் படலையைத் திறந்துகொண்டு வந்து நின்றா. அழவில்லை. "அண்ணை, ஒண்டில் பிள்ளை, ஒண்டில் மாமி. ரெண்டிலை ஒண்டைத் தெரிவு செய் எண்டு சொல்லுறாங்கள்," என்றா. எனக்கு நெஞ்சு கொதித்தது. கொதித்த கொதிப்பில் அட்டவணையோடு வந்த கணக்கெடுப்பைப் புரட்டிப் பார்த்தேன்.

யாழ்ப்பாண நிலையத்தில் காலை ரயிலில் ஏறுகிறவர்கள் எந்த எந்த இடத்தவர்கள் என்று இரண்டு நாள் நின்று கேட்டு எழுதிய கணக்கு அது. யாழ்ப்பாணம் என்ற பெயருக்கு நேரே நூற்றுக்கணக்கில் ஆட்கள். கோப்பாயும் இருந்தது, மானிப்பாயும் இருந்தது. விரலை ஓட்டிக்கொண்டு கீழே போனேன். கடைசி வரியில் தீவகம். அதற்கு நேரே ஓர் எண். என்ன எண் என்று நினைக்கிறீர்கள்?

பின்னுக்கு ஒருவர் இருநூறு எண்டுறார். இல்லைத் தம்பி. ஐம்பதோ எண்டு கேட்கினம். அதுவும் இல்லை. மூன்று.

மூன்றே மூன்று பேர். ஏழு தீவும் சேர்ந்து மூன்று பேர். நான் துள்ளினேன், குதித்தேன், சதி என்றேன், சூழ்ச்சி என்றேன், சுத்தப் புரட்டு என்றேன். பிறகுதான் தெரிய வந்தது, புரட்டு அங்கே இல்லை, எங்கள் நாக்கிலேயே இருக்கிறது என்று. படிவத்தோடு வந்தவர்கள் மரியாதையாகத்தான் கேட்டிருக்கிறார்கள், "நீங்கள் எந்த இடம்?" என்று. எங்கள் ஆட்கள் எல்லோரும், அன்ரனிதாஸின் பஸ்ஸில் வந்து இறங்கிய அத்தனை பேரும், வேட்டியை உதறி, சேலையைச் சரிசெய்து, ஒரே குரலில் சொன்ன பதில், "யாழ்ப்பாணம்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். பதுளையில் இருபத்தேழு வருசம் கடை வைத்திருந்தவன் நான். "முதலாளி எந்தப் பக்கம்?" என்று ஒரு நாளைக்குப் பத்துப் பேர் கேட்பார்கள். இறுப்பிட்டி என்றால் அங்கே எவருக்குத் தெரியும்? யாழ்ப்பாணம் என்பேன், கதை முடியும். எங்கள் அப்பன்மாரும் கொழும்பிலும் காலியிலும் கண்டியிலும் அப்படித்தான் சொன்னார்கள். சரி, தெற்கில் அப்படிச் சொன்னதற்கு ஒரு ஞாயம் உண்டு. பட்டணத்து ரயில் நிலையத்தில் நின்றுகொண்டும் ஏன் அப்படிச் சொன்னோம்? அங்கே படித்த காலத்தில் 'தீவார்' என்று நையாண்டி பண்ணினார்களே, அந்தக் கூச்சமா? அல்லது வெறும் பழக்கமா? ஏதோ ஒன்று. ஊரை மறைத்தோம், உள்ளதை மறைத்தோம், எங்களை நாங்களே மறைத்தோம்.

அந்த மூன்று பேர் எவர் என்றும் விசாரித்தோம். நெடுந்தீவைப் பார்க்க வந்து, ஓர் இரவு தங்கி, காலையில் திரும்பிய வெள்ளைக்காரர் மூன்று பேர். உண்மையைச் சொன்னவர்கள் அவர்கள் மட்டும்தான்.

இதைச் சத்தியபாமாவுக்குச் சொன்னேன். அவ கையிலிருந்த பையைக் கீழே வைத்தா. பிறகு, "அண்ணை, அண்டைக்கு என்னட்டையும் கேட்டவை. நானும் யாழ்ப்பாணம் எண்டுதான் சொன்னனான்," என்றா. அந்தச் சொல்லை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த ரயில் எவருக்கு உயிரோ, அவவே தன் வாயால் தன்னைக் கணக்கிலிருந்து அழித்திருக்கிறா.

அன்பானவர்களே, இனி நான் சொல்லப்போவது என்னுடைய குற்றம். தலைவர் ஐயா என்னைப் பார்க்கிறார், இதைச் சொல்லத்தான் வேணுமோ என்று. சொல்லத்தான் வேணும் ஐயா.

மூன்று என்ற எண்ணைப் பார்த்த ஆத்திரத்தில் நான் ஒரு கோரிக்கை மகஜர் எழுதினேன். எழுதினேன் என்றால் சும்மா எழுத்தா? எதுகை என்ன, மோனை என்ன, எடுப்பு என்ன. 'நாள்தோறும் இரண்டாயிரம் தீவக மக்கள் நம்பி ஏறும் நற்பெரும் புகையிரதம்' என்று ஒரு வரி. அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கையெழுத்து மூவாயிரத்து நூற்று எண்பத்து நாலு. வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வீட்டிலும் அம்மா தனக்கு ஒரு கையெழுத்து வைத்தா, கனடாவில் இருக்கிற மூத்தவனுக்கு ஒன்று, சுவிஸில் இருக்கிற இளையவனுக்கு ஒன்று, மருமக்களுக்கு இரண்டு, இன்னும் பேர் வைக்காத பேரப்பிள்ளைக்கும் ஒன்று வைத்தா. இது எங்கள் வழக்கம்தானே. 'வீட்டிலை எத்தினை பேர்' என்று கேட்டால், கடல் கடந்தவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் எங்கள் தாய்மாருக்கு மனம் ஆறும். ஊரைக் கேட்டால் ஒளிப்போம், ஆளைக் கேட்டால் கூட்டுவோம். இரண்டு பிழையும் பிறந்தது எங்கள் வீட்டில்தான்.

அந்த மகஜரைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தீவு நாரந்தனைக்குப் போனேன், கஜாலினியிடம். கஜாலினி யார் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்தவ, எங்கள் சங்கத்தின் துணைச் செயலாளர், முப்பத்தொரு வயது, முகத்தில் சிரிப்புக் குறைவு. அதோ வாசலில் நிற்கிறா, மேடைக்கு வா என்றாலும் வரமாட்டா. மகஜரை மூன்று நிமிடம் புரட்டினா.

"அண்ணை, இதிலை நான் கையெழுத்து வைக்க ஏலாது."

"ஏன் பிள்ளை?"

"ரொறன்ரோவிலை இருக்கிற உங்கடை மூத்தவர் எப்பிடி அண்ணை தினமும் காலமை ஆறு நாற்பது கோச்சியிலை போறார்?"

"அவன் எப்பவோ ஒருநாள் வருவான்தானே."

"வரேக்குள்ளை எண்ணுவம்," என்றா.

எனக்குக் கோபம் வந்தது. ஊருக்காக ஒரு வரியைக் கூட்டி எழுதினால் என்ன, வானமா இடிந்து விழும் என்று கேட்டேன். அவ மகஜரைத் திரும்ப என் கையில் தந்தா. நான் அவவின் கையெழுத்து இல்லாமலே மகஜரைக் கொண்டுபோனேன்.

நேர அட்டவணைக்குப் பொறுப்பான அதிகாரி கொழும்பிலிருந்து வந்திருந்தார். சிங்களவர். வவுனியாவில் பல காலம் வேலை பார்த்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார். மகஜரை முழுக்க வாசித்தார். என் எதுகையை ரசித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, தீவுப் பக்கமிருந்து ரயில் நேரத்துக்கு எத்தனை பஸ் வருகிறது?"

இரண்டு என்றேன்.

"அப்படியென்றால் ஒரு பஸ்ஸில் ஆயிரம் பேர்," என்றார்.

அன்ரனிதாஸ் தலையிலை கை வைக்கிறார் பாருங்கள். ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு தாம்போதியால் வாற அளவுக்கு அவருக்கும் தெம்பு இல்லை, பஸ்ஸுக்கும் தெம்பு இல்லை. பதுளைச் சந்தையில் ஆயிரம் பேரோடு வாதாடி வென்றவன், அந்த அறையில் என் மகஜரை நானே திரும்ப எடுத்து மடித்தேன். அதிகாரி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. "எங்கள் கணக்கில் மூன்று. உங்கள் கணக்கில் இரண்டாயிரம். இரண்டில் எதை வைத்து நான் ரயிலை ஓட்டுவது? ஆறு கிழமை தருகிறேன், சரியான கணக்கோடு வாருங்கள்," என்று சொல்லி அனுப்பினார்.

திரும்பி வந்த பஸ்ஸில் நான் நினைத்துக்கொண்டு வந்ததை உங்களுக்குச் சொல்கிறேன். என் பொய் சத்தியபாமாவுக்கு என்ன செய்தது? மூன்று என்ற பிழையைவிட என் இரண்டாயிரம் அவவுக்குக் கூடுதல் கெடுதி செய்தது. மூன்றைக் கேட்டவர் 'இவ்வளவு குறைவாய் இருக்குமோ' என்று யோசித்திருப்பார். இரண்டாயிரத்தைக் கேட்டவர் இனி எங்கள் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பமாட்டார். நேரே நாரந்தனைக்குப் போய், கஜாலினி வீட்டு வாசலில் நின்று, "பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்," என்றேன். அவ உள்ளே போய் ஒரு தேத்தண்ணியும் ஒரு கட்டுக் கடதாசியும் கொண்டுவந்தா.

எண்ணத் தொடங்கினோம். கார்த்திகை மாதம், இருபத்தெட்டு நாள். எங்கள் சங்கத்துப் பிள்ளைகள் நிருஜா, சுதாகரன் உட்பட ஆறு பேர், ரயில் நிலையத்தின் இரண்டு வாசலிலும். சனி ஞாயிறும் எண்ணினோம், பௌர்ணமிப் போயா விடுமுறை நாளும் எண்ணினோம், கூட்டமான நாள் மட்டும் என்று தெரிந்தெடுக்கவில்லை. ஆனால் முதல் நாளே பழைய வில்லங்கம் வந்தது. எந்த இடம் என்று கேட்டால் எல்லோரும் யாழ்ப்பாணம். கஜாலினி அன்று பின்னேரம் இருந்து யோசித்து, கேள்வியையே மாற்றினா. அடுத்த நாள் சுதாகரன் ஒரு பெரியவரை மறித்து, "ஐயா, இண்டைக்குக் காலமை எங்கை முகம் கழுவினனீங்கள்?" என்று கேட்டான்.

"வேறை எங்கை, எங்கடை கிணத்தடியிலைதான்."

"கிணறு எங்கை ஐயா?"

"நாரந்தனையிலை."

எழுதினான். அவ்வளவுதான் வித்தை. எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை, எங்கே காணி இருக்கிறது என்று கேட்கவில்லை, இன்று காலை எங்கிருந்து வந்தாய் என்பதை, வெட்கப்பட இடமில்லாத மாதிரிக் கேட்டா. முகம் கழுவின இடத்தைச் சொல்ல எவருக்கு என்ன கூச்சம்? அன்றிலிருந்து வேலணை வந்தது, புங்குடுதீவு வந்தது, நயினாதீவு வந்தது, ஊர்காவற்றுறை வந்தது. முதல் நாள் தாளை ஒதுக்கிவிட்டு அன்றிலிருந்தே ஒன்று என்று எண்ணினா. நூற்றுப் பன்னிரண்டு, நூற்று இருபத்தாறு, நூற்று நாற்பது என்று நாள்தோறும் ஏறி இறங்கியது.

பத்தொன்பதாம் நாள் வந்தது. உங்களுக்கெல்லாம் அந்த நாள் நினைவிருக்கும். அதற்கு முதல் நாள் பின்னேரம் தொடங்கிய காற்றும் மழையும். லோஞ்சுகளைக் கட்டிப்போட்டார்கள். தாம்போதியில் தண்ணீர் ஏறி அன்ரனிதாஸின் பஸ் இந்தப் பக்கமே நின்றுவிட்டது. வேலணைப் பக்கத்திலிருந்து எப்படியோ வந்து சேர்ந்தவர்கள் பதினொரு பேர். அன்றைய தாளில் எண் பதினொன்று.

நான் திருந்தியவன் என்று நினைத்தீர்களோ? பழக்கம் அவ்வளவு லேசில் போகுமா? நான் சொன்னேன், "பிள்ளை, இந்தத் தாளைக் கிழிச்சுப் போடும். மழை நாளும் ஒரு நாளே? சராசரியைக் கெடுத்துப்போடும்."

"மழை நாளும் நாள்தான் அண்ணை. பெய்த மழையைப் பெய்யேல்லை எண்டு நான் எப்பிடி எழுதுறது?"

"ஒருதருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்," என்றா. தாளை மற்றத் தாள்களுக்கு நடுவில், பதினெட்டுக்கும் இருபதுக்கும் இடையில் வைத்துக் கட்டினா.

இருபத்தெட்டு நாளும் முடிந்தது. அந்தப் பதினொன்றையும் சேர்த்துச் சராசரி நூற்றுப் பதினெட்டு. எங்கே என் இரண்டாயிரம், எங்கே இந்த நூற்றுப் பதினெட்டு? எனக்கு மனம் சோர்ந்து போனது. இந்தச் சின்ன எண்ணைப் பார்த்து எவர் ரயிலைப் பழைய நேரத்திலேயே விடுவார் என்று நினைத்தேன். சத்தியபாமாவும் எங்களோடு அதிகாரியிடம் வந்தா. பேசவேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று கஜாலினி சொல்லியிருந்தா.

அதிகாரி தொகையைப் பார்க்கவில்லை. தாள்களைக் கேட்டார். இருபத்தெட்டுத் தாளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தொன்பதாவதில் கை நின்றது. அவர் எழுந்து போய்த் தன் கணினியில் எதையோ தேடினார். பிறகு திரும்பி வந்து சொன்னார். "இந்த ரயிலுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நாளைக்கு நானூற்று எழுபது பேர் ஏறுகிறார்கள். ரிக்கற் கணக்கு இருக்கிறது. இந்த ஒரு நாள் மட்டும் முந்நூற்று அறுபது சொச்சம். நூறு பேர் எங்கே போனார்கள் என்று எங்களுக்கு இதுவரை விளங்கவில்லை."

கஜாலினி அவருக்கு முன்னால் அந்தத் தாளைத் தள்ளி வைத்தா. "தாம்போதிக்கு அங்காலை நிண்டவை," என்றா.

தாய்மார்களே, பெரியோர்களே, இதை நீங்கள் நன்றாக நினைத்துப் பார்க்கவேண்டும். அவருடைய கணக்கும் எங்கள் கணக்கும் ஒன்றையொன்று பார்த்ததில்லை, பேசி வைத்ததில்லை. தீவகத்துக்குப் பாதை அடைபட்ட அன்று அவர் ரயிலில் நூறு இருக்கை வெறுமையாகிப் போயிருக்கிறது. எந்த மகஜர் இதைச் சொல்லும்? எந்த மேடை இதை முழங்கும்? நான் கிழிக்கச் சொன்ன தாள் அது. கிழித்திருந்தால் எங்கள் வழக்கின் சாட்சியை எங்கள் கையாலேயே கொன்றிருப்போம்.

அதிகாரி பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். நானூற்று எழுபதில் நூற்றுப் பதினெட்டு. நாலு பேர் ஏறினால் ஒருவர் தீவார். "நாலில் ஒரு பங்கை இறக்கி விட்டுவிட்டு ரயில் ஓட முடியாது," என்றார். அவ்வளவுதான் சொன்னார், முழக்கம் எதுவும் இல்லை. சத்தியபாமா அப்போதுதான் அழுதா. தை மாதம் அட்டவணை வந்தது. ஆறு நாற்பது. இனி ஆண்டுக்கு இருமுறை எண்ணப்போகிற படிவத்தில், எந்த இடம் என்ற கேள்விக்குப் பதிலாக, இன்று காலை எங்கிருந்து புறப்பட்டீர்கள் என்ற கேள்வி இருக்கிறது. நாரந்தனைப் பிள்ளை ஒருத்தி கேட்ட கேள்வி அது.

கை தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். நான் காத்திருக்கிறேன்.

இப்போது நான் கேட்கிறேன். ஒரு ரயில் எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும், எத்தனை பெட்டி பூட்டவேண்டும், எங்கே நிற்கவேண்டும், எங்கே நிற்காமல் ஓடவேண்டும் என்பதை எது தீர்மானிக்கவேண்டும்? மந்திரியின் மனமா? மாலையின் கனமா? தில்லைநாதனின் தொண்டையா? கணக்குப் பார்த்தால் பிணக்கு என்பார்கள். எங்களுக்குப் பிணக்கு வந்தது கணக்குப் பார்க்காததால். குறைத்துச் சொன்னோம், ரயில் போகப் பார்த்தது. கூட்டிச் சொன்னோம், மானம் போனது. உள்ளபடி சொன்னோம், ரயில் எங்களுக்கு நிலைத்தது. உள்ளபடி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இருக்கிறது எங்கள் பலம், எங்கள் பாதை, எங்கள் பயணம்.

சின்ன எண் என்று இனி எவரும் வெட்கப்படவேண்டாம். நூற்றுப் பதினெட்டு சின்ன எண்தான். ஆனால் அந்த நூற்றுப் பதினெட்டில் ஒவ்வொன்றும் ஓர் ஆள். படிக்கப் போகிற பிள்ளை, பத்திரம் எழுதப் போகிற முதியவர், வேலைக்குப் போகிற இளம்பெண், வைத்தியத்துக்குப் போகிற தாய். ஊதிப் பெருத்த இரண்டாயிரத்துக்குள் அவர்களில் ஒருவரையும் காண முடியாது. உண்மையான நூற்றுப் பதினெட்டுக்குள் ஒவ்வொருவரையும் காணலாம். நாளைக்கு லோஞ்ச் கேட்கப் போகும்போதும் இதே வழிதான். நாளைக்குப் பாலம் கேட்கப் போகும்போதும் இதே வழிதான். எங்கள் ஊரின் பெயரை எங்கள் வாயால் சொல்லுவோம், இருப்பதை இருக்கிறபடி எண்ணுவோம், எண்ணியதைக் கிழிக்காமல் கொண்டுபோய் வைப்போம். அப்படி வைத்த பிறகு எங்களைத் தள்ளிவிட எவருக்கும் துணிவு வராது.

பின்னுக்கு ஒருவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஓம், முடிக்கிறன். லோஞ்ச்காரர் பயப்பட வேண்டாம்.

பத்திரிகையிலிருந்து வந்திருக்கிற தம்பி ஒருவர் சற்று முன்னம் என்னிடம் கேட்டார், 'ஆயிரக்கணக்கானோர் திரண்டனர் என்று போடட்டுமோ அண்ணை' என்று. பழைய தில்லைநாதன் ஓம் என்று சொல்லியிருப்பான். தம்பி, போடாதையும். வாசலில் நிற்கிற கஜாலினி இப்போது ஒரு துண்டு எழுதி அனுப்பியிருக்கிறா. மேடையில் இருக்கிறவர்களோடு சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு. அப்படியே போடும்.

அழைத்தவர்களில் வராதவர்கள் இரண்டு பேர். முன்வரிசையில் அவர்களுக்கென்று வைத்த இரண்டு கதிரையும் வெறுமையாகக் கிடக்கிறது, பாருங்கள். சத்தியபாமாவும் நிலாந்தியும் வரவில்லை. இன்றைக்கு அவர்களுக்குக் கிளினிக் நாள். விடிய ஐந்தரைக்கு இந்த வாசலைத் தாண்டித்தான் அன்ரனிதாஸின் பஸ்ஸில் போனார்கள், ஆறு நாற்பதுக்கு ஏறினார்கள். இந்த நேரம் மாலை ரயிலில் கிளிநொச்சியைத் தாண்டிக்கொண்டிருப்பார்கள். இருட்டுகிறதற்குள் அந்தத் தாய் வீட்டில் நிற்பா.

ஆகவே வந்திருக்கிற இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் என் நன்றி. ரயிலில் இருப்பதால் வர முடியாமல் போன அந்த இரண்டு பேருக்கும் என் நன்றி. உங்கள் எல்லோருக்கும், எண்ணிப் பார்த்த பிறகு சொல்கிறேன், இருநூற்றுப் பதினாலு வணக்கம்.